சூழலறி கணனியின் தொடக்கம்

சூழலறி கணனி முறைகளின் வரலாற்றைச் சில்லிற், தீமர் ஆகியோர் அப்பெயரை வழங்கிய 1994 இலிருந்து தொடங்குவதுண்டு. நாமோ அதற்கு முற்பட்ட கேம்பிறிட்ஜ் ஒலிவெற்றி ஆய்வுகூடத்தினின்று தொடங்குதலே பொருந்துமெனக் கருதுகின்றோம். ஆங்கு 1989 - 1992 காலப்பகுதியில் றோய் வான்ற் முதலானோர் ஆக்கிய அடையாள வில்லை, 15 செக்கனுக்கு ஒருமுறை செந்நிறக்கீழ்க் கதிர்க் குறியொன்றை வெளியிட்டது. கட்டடத்திற் பொருத்தப்பட்ட வாங்கிகள் அதனைப் பெற்று, அணிந்தவர் எவ்வறையில் உள்ளாரெனத் தொலைபேசி இணைப்பாளருக்கு உணர்த்தின. வில்லையை மேசைமேல் விட்டுச் சென்றவரையும் அம்முறை அறையிலிருப்பவராகவே கொண்டது. (கண்காணிப்பை விரும்பாதார்க்கு இது வசதியே, நாம் அதனைக் குறையெனக் கொள்ளோம்.) இடமறிதல் நிலைமையறிதல் ஆகாதென்பது இங்கேயே புலனாகின்றது.

2001 இல் அனிந்த் டே வெளியிட்ட கட்டுரை, ஒன்றன் நிலைமையை விளக்கவல்ல எத்தகவலையும் சூழலென வரையறுத்தது. இடமும் காலமும் உணரிகளாற் பெறப்படும். அறையில் நடப்பது கூட்டமா, தனித்த வாசிப்பா என்பதோ அவற்றினின்று உய்த்துணரப்பட வேண்டியதாகவே உள்ளது.