நாங்கள் என்னும் பாரம்

சிறுவயதில் ஞாயிறு பாடசாலையில் பரமண்டல ஜெபத்தை மனனம் செய்தபோது எனக்கொரு சந்தேகம் எழுந்தது. என் பிழைக்கு நான் மன்னிப்புக் கேட்பது நியாயம். ‘எங்கள்’ பிழைகள் என்று ஏன் சொல்லவேண்டும்? பக்கத்து வாங்கில் இருப்பவன் செய்த குற்றத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாளி? உபதேசியாரிடம் கேட்டேன். “தம்பி, அந்த ஜெபத்தில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. வளர்ந்த பிறகு விளங்கும்” என்றார் அவர். வளர்ந்த பிறகும் எளிதில் விளங்கவில்லை. ஜேர்மனியின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயத்தைப் படித்த பின்னரே ஓரளவு விளங்கியது. அன்பர்களே, இன்று அதைப் பற்றியே உங்களுடன் பேசவிரும்புகிறேன்.

1945 ஒக்டோபர் 18, 19 ஆந் திகதிகள். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்து மாதங்கள் சென்றிருந்தன. குண்டுவீச்சிற் சிதைந்துபோன ஸ்டுட்கார்ட் நகரில் ஜேர்மன் புரட்டஸ்தாந்து திருச்சபையின் தலைவர்கள் கூடியிருந்தார்கள். உருவாகிக்கொண்டிருந்த உலகத் திருச்சபைகள் மன்றத்தின் சார்பில் ஒல்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து விருந்தினர் வந்திருந்தனர். ஜேர்மனியினால் தாக்கப்பட்ட நாடுகளின் மக்கள் அவர்களிற் பலர். அவர்கள் முன்னிலையில் பதினொருவர் ஒப்பமிட்ட சிறு பிரகடனம் ஒன்று வாசிக்கப்பட்டது. பல நாடுகளுக்கும் மக்களுக்கும் எங்களாலேயே அளவற்ற துன்பம் நேர்ந்தது. நாங்கள் இன்னும் துணிவாகச் சாட்சி சொல்லவில்லை, இன்னும் ஆழமாக நேசிக்கவில்லை என்று எங்களையே குற்றஞ்சாட்டுகிறோம் என்பது அதன் சாரம்.

ஒப்பமிட்டவர்களில் ஒருவர் மார்ட்டின் நீமோலர். முதலாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலின் தளபதியாக இருந்து, பின்னர் போதகரானவர். 1933 இல் ஹிட்லரின் ஆட்சியை வரவேற்றவர்களுள் அவரும் ஒருவர். அரசு திருச்சபையின்மீது கைவைத்தபோது எதிர்த்து நின்றார். 1937 யூலை 1 ஆந் திகதி கைதானார். சாக்சன்ஹவுசன், டாகௌ முகாம்களில் அடைபட்டிருந்து 1945 இல் விடுதலையானார். இப்படிப்பட்டவர், “குற்றம் செய்தவர்கள் அவர்கள், நான் சிறையில் இருந்தேன்” என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவரே பின்னர் ஒரு காரணம் கூறிவந்தார். விடுதலையான பின் மனைவியுடன் டாகௌ முகாமுக்குச் சென்றார். பிணங்களை எரித்த கட்டடத்தருகே ஒரு பலகை. 1933 முதல் 1945 வரை அங்கு எரிக்கப்பட்டோரின் தொகை அதில் எழுதப்பட்டிருந்தது. மனைவி அந்தத் தொகையைக் கண்டு நடுங்கினார். கணவரோ ஆண்டுகளைக் கண்டு நடுங்கினார். 1937 இற்குப் பிறகு நீ எங்கேயிருந்தாய் என்று கடவுள் கேட்டால், சிறையில் என்று பதில் சொல்லலாம். 1933 முதல் 1937 வரை எங்கேயிருந்தாய் என்று கேட்டால்? அந்த நான்கு ஆண்டுகளில் முதன்முதலாக முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்காக அவர் வாய் திறந்திருக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி 18 ஆம் அதிகாரத்தில் அறுதியிட்டுக் கூறுகிறார். ஆனால் அதே வேதாகமத்தில் தானியேல், தான் செய்யாத குற்றங்களையும் சேர்த்து, நாங்கள் பாவஞ்செய்தோம் என்று 9 ஆம் அதிகாரத்தில் மன்றாடுகிறார். இவை முரண்பட்டவையா? எசேக்கியேல் பேசுவது தண்டனையைப் பற்றி. தானியேல் பேசுவது பொறுப்பைப் பற்றி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். தத்துவஞானி கார்ல் யாஸ்பர்ஸ் 1946 இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவுபடுத்தினார். நீதிமன்றத்துக்குரிய குற்றம் தனிமனிதனுடையது. ஓர் இனத்தையே குற்றவாளியாக்க முடியாது. எனினும் பார்த்துக்கொண்டிருந்தவனின் மனச்சாட்சிக்கு வேறொரு கணக்கு உண்டு.

கேட்பவரை உளப்படுத்தினால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’ என்று தமிழ் இலக்கணம் வேறுபடுத்துகிறது. பேச்சில் இதை நாம் அவ்வளவாகப் பேணுவதில்லை. ஜேர்மன் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஸ்டுட்கார்ட்டில் அந்தச் சொல் விருந்தினரை நோக்கி ‘நாங்கள்’ என்றும், சொந்த மக்களை நோக்கி ‘நாம்’ என்றும் ஒலித்தது. இரண்டாவதுதான் மக்களைச் சுட்டது. பசியிலும் இடிபாடுகளிலும் கிடந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1919 இல் வெர்சாய் உடன்படிக்கை சுமத்திய போர்க்குற்றத்தை இப்போது போதகர்களே சுமத்துவதா என்று கேட்டார்கள்.

பிரகடனத்திலும் பெருங்குறை ஒன்று இருந்தது. யூதர் என்ற சொல் அதில் இல்லை. யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் தனக்கும் பங்குண்டு என்று அந்தத் திருச்சபை 1950 இல், பெர்லின் வைசன்சே மகாசபையிலேதான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ‘இன்னும்’ துணிவாக என்ற சொல்லிலும், ஓரளவு துணிவு இருந்தது என்ற தற்காப்பு ஒளிந்திருக்கிறது. அறிக்கை செய்கையிலும் மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறான்.

அறிக்கை சொல், அதன்பின் செயல் வேண்டும். 1958 இல் லோதர் க்ரைசிக் என்பவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் 1940 இல், மனநோயாளர் கொல்லப்படுவதை எதிர்த்துப் பதவியிழந்த நீதிபதி. எதிர்த்து நின்ற அவரே, ஜேர்மனியரால் துன்புற்ற நாடுகளிடம், உங்கள் மண்ணில் எங்கள் கைகளால் நன்மை ஏதாவது செய்ய அனுமதியுங்கள் என்று கேட்டார். இளைஞர்கள் நோர்வேக்கும் ஒல்லாந்துக்கும் சென்று வேலைசெய்தார்கள். 1961 இல், ஜேர்மன் விமானங்கள் 1940 இல் அழித்த கோவென்ட்றிப் பேராலயத்தின் இடிபாடுகளிலும் உழைத்தார்கள். போர் முடிந்தபோது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் அவர்களிற் பலர். இயக்கத்தின் பெயர் ‘பிராயச்சித்த அடையாளம்’. அடையாளம் என்ற சொல் முக்கியமானது. பாவநிவாரணம் சிலுவையில் கிறிஸ்துவினாலே நிறைவேறிற்று என்பது கிறிஸ்தவ விசுவாசம். மனிதன் அதற்கு ஓர் அடையாளத்தையே நாட்டமுடியும். அதைக்கூட அனுமதி கேட்டுத்தான் நாட்டவேண்டும்.

உபதேசியார் இன்று இல்லை. இப்போதும் அந்த ஜெபத்தைச் சொல்கிறேன். ‘எங்கள்’ என்ற இடத்துக்கு வரும்போது, நான் வாய் திறக்காதிருந்த ஆண்டுகள் எவை என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கிறேன்.