ஹோமோஃபோபியா: நோய் இடம் மாறிய கதை

ஜார்ஜ் வெயின்பெர்க் நியூயார்க்கில் உளவியலாளராக இருந்தவர். 1960களின் நடுவில் ஒரு விருந்துக்குத் தன் தோழியை அழைத்திருந்தார். அந்தப் பெண் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும், வர வேண்டாமென்று சொல்லிவிடும்படி சக உளவியலாளர்கள் கேட்டார்கள். மனித மனத்தையே தொழிலாகப் படித்தவர்களுக்கு அவரோடு ஓர் அறையில் இருக்க முடியவில்லை. அந்தப் பதற்றத்துக்கு வெயின்பெர்க் வைத்த பெயர்தான் ‘ஹோமோஃபோபியா’.

அன்றைய அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு மனநோய்ப் பட்டியலில் இருந்தது. மின்னதிர்ச்சி கொடுத்தும், குமட்டும் மருந்து கொடுத்தும் அதைக் ‘குணப்படுத்த’ முயன்றார்கள். உடலும் மனமும் சிதைந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அந்த நேரத்தில் ஒருவர், அதுவும் தன்பாலீர்ப்பாளர் அல்லாத ஒருவர், சிகிச்சை தேவைப்படுவது உங்களுக்குத்தான் என்று தன் துறையைப் பார்த்தே சொன்னது எவ்வளவு பெரிய துணிச்சல்!

1969 மே மாதம் அவருடைய நண்பர்கள் ஜாக் நிக்கோல்ஸ், லைஜ் கிளார்க் எழுதிய பத்தியில் அந்தச் சொல் அச்சேறியது. வெளியிட்டது ‘ஸ்க்ரூ’ என்ற பாலியல் இதழ். அதே ஆண்டு அக்டோபரில் ‘டைம்’ இதழுக்குப் போய்விட்டது. 1972இல் அந்தச் சொல்லை விளக்கும் வெயின்பெர்க்கின் நூல் வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. போராடி அதைச் சாதித்தவர்கள் பலர். அவர்கள் கையில் இந்தச் சொல்லும் இருந்தது.

பிறகு சொல்லின் மீதே கேள்வி எழுந்தது. ‘ஃபோபியா’ என்றால் அச்சம். பாம்புக்கு அஞ்சுகிறவன் விலகி ஓடுவான். தன்பாலீர்ப்பாளர்களை வெறுப்பவர்கள் துரத்திப் போய் அடிக்கிறார்களே, இது எப்படி அச்சமாகும்? 2012இல் அசோசியேட்டட் பிரஸ், இந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி தன் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. வெயின்பெர்க் இதற்கு உடன்படவில்லை. அவர் 2017இல் இறந்தார். எனக்கு அந்தக் கேள்வியில் நியாயம் தெரிகிறது. வெறுப்பை நோய் என்றால், வெறுப்பவர் பொறுப்பிலிருந்து நழுவ வழி கிடைத்துவிடும்.

பொறுப்பை ஏற்பது எப்படி இருக்கும் என்பதற்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். குடும்பத்தின் எதிர்ப்பிலிருந்து பாதுகாப்புக் கேட்டு இரு பெண்கள் வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தன் புரிதல் போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் முன் அமர்ந்து கற்றுக்கொண்டார். அறியாமை பாகுபாட்டுக்குச் சாக்காகாது என்று எழுதினார். ஜூன் 7ஆம் தேதி உத்தரவில், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடைசெய்தார்.