இரண்டு தராசுகளும் துறைமுகத்துப் பிள்ளைகளும்



ஓரினத்தின் கையில் செல்வம் சேர்வதும் மற்றோரினத்தின் கையினின்று அது நழுவுவதும் பெரும்பாலும் தொழிலிலேயே தொடங்குகின்றன. தொழிலோ, கல்விக்கூடத்தின் வாசலிலேயே பெரிதும் தீர்மானமாகி விடுகின்றது. இதனை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை; நமது திருகோணமலையின் வரலாறே போதுமானது.

1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாகச் சட்டமாக்கப்பட்டது. மறு ஆண்டு, 1957இல், பிரித்தானியக் கடற்படை நமது துறைமுகத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துச் சென்றது. வெள்ளையரின் தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் புதிய எசமானனாகிய அரசை நாடிச் சென்றபோது, அவ்வரசின் அலுவலக மொழி அவர்களுக்கு அந்நியமாயிருந்தது. எஞ்சிய வழி யாது? பிள்ளையை வைத்தியராக்குவது, பொறியியலாளராக்குவது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 முதல் கல்வி இலவசமாகியிருந்தமையால், ஏழைத் தந்தையும் அக்கனவைக் காணத் துணிந்தார்.

அவ்வாசலிலும் 1971இல் இரண்டு தராசுகள் தொங்கவிடப்பட்டன. 400 புள்ளிகளுக்கான பரீட்சையில் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 புள்ளிகள் போதுமாயின. தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 தேவைப்பட்டன. பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு அவை முறையே 227, 250. தமிழ்மொழிப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை.

இதனைத் தமிழ்ச் சகோதரர்களின் துயரம் என்று மட்டும் கருதிவிடாதீர்கள். தராசு பார்த்தது மார்க்கத்தையன்று, மொழியை. கிண்ணியாவிலும் மூதூரிலும் தமிழில் கற்ற முஸ்லிம் மாணவனுக்கும் 250தான். அன்றைய கல்வி அமைச்சரோ கலாநிதி பதியுதீன் மஹ்மூத்; முஸ்லிம் பாடசாலைகளுக்கு அவர் ஆற்றிய பணி பெரிது என்பதும் உண்மையே. நிறுவையில் குறைப்போரைக் கண்டிக்கும் ‘அல்முதஃப்பிபீன்’ அத்தியாயத்தை நாம் கடைத்தெருவோடு நிறுத்திக்கொள்கின்றோம். பல்கலைக்கழக வாசலில் தொங்குவதும் தராசுதானே?

1974இல் மாவட்ட அடிப்படை வந்தது. யாழ்ப்பாணத்து மாணவர்கள் இதனாற் பெரிதும் இழந்தனர். விஞ்ஞானகூடம் அற்ற, ஆசிரியர் குறைந்த பின்தங்கிய மாவட்டங்களோ இடம் பெற்றன. அவற்றுள் திருகோணமலையும் ஒன்று. ஆம், நாம் பயனடைந்தோம். இன்றும் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனவே பொதுவாகப் பகிரப்படுகின்றது. நாவைப் பார்த்து நிறுப்பதைவிட நிலத்தைப் பார்த்து நிறுப்பது நீதிக்கு நெருக்கமானது என்பதே என் கருத்து. எனினும் பெற்ற பங்கின் மகிழ்ச்சியில், அயலவனின் இழப்பைப் பற்றி நாம் எத்தனை முறை பேசினோம்?

வாசலில் தவறியவனைக் கடன் காத்திருக்கின்றது. அமெரிக்காவில் கறுப்பினப் பட்டதாரி, பட்டம் பெறும் நாளில் வெள்ளையரைவிடச் சராசரியாக 7,400 டொலர் அதிகமாகக் கடன்பட்டிருக்கின்றார் என்றும், நான்கே ஆண்டுகளில் அவ்விடைவெளி ஏறக்குறைய 25,000 டொலராகின்றது என்றும் புரூக்கிங்ஸ் நிறுவனம் 2016இல் கணித்தது. நமது நாட்டிலும் அரச பல்கலைக்கழகம் கிட்டாதோருக்காக 2017இல் மாணவர் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. வட்டியில்லை என்பது ஆறுதலே. ஆயினும் ஓரிரு புள்ளிகளால் தவறிய மீனவர் மகன் கடன்காரனாக வாழ்வைத் தொடங்குகின்றான். வென்ற அவனது நண்பன் அவ்வாறு தொடங்குவதில்லை.

மாவட்டத் தராசும் மாவட்டத்துக்குள்ளே இருக்கும் தூரத்தை நிறுப்பதில்லை. நகரத்துப் பிள்ளைக்கும் களப்பைக் கடந்து பாடசாலை செல்லும் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளிதான். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் புனரமைக்கப்பட்டுக்கொண்டிருந்த கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மக்களை ஏற்றிச் சென்ற படகுப்பாதை கவிழ்ந்தது. நீரில் மாண்டவர்களுள் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தனர்.