பீங்கான் லாரிகளின் பாரமும் எடைவரம்பும் (விருத்தாசலம்)

ஒரு சரக்கு வண்டி தன் சொந்த எடையும் பாரமும் சேர்ந்து எவ்வளவு கனக்கலாம் என்பதற்கான உச்ச அளவே எடைவரம்பு. இது வண்டியின் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். மொத்த எடைக்கு ஒரு வரம்பும் ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி வரம்பும் உண்டு. மொத்தம் சரியாக இருந்தும் ஓர் அச்சு மட்டும் வரம்பு மீறி நிற்பது அடிக்கடி நேர்கிறது.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் கொண்ட ஊர். தேநீர்க் கோப்பை, ஃபியூஸ் கேரியர், மின்கம்பி இன்சுலேட்டர், பொம்மை, கழிப்பறைச் சாமான் என இங்கே சூளையேறும் பொருள்கள் பல. ஊருக்குள் மண் வருகிறது, பாண்டம் வெளியே போகிறது. இரண்டுமே லாரியில்தான் பெரும்பாலும் பயணம் செய்கின்றன. ஆனால் பாரம் என்ற வகையில் இரண்டும் நேர்மாறானவை.

களிமண் பாரம் கண்ணை ஏமாற்றும். ஈரக் களிமண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் என்பதால், லாரித் தொட்டி பாதி நிரம்பும் முன்பே எடைவரம்பு முடிந்துவிடலாம். பக்கப்பலகையில் இடம் மிச்சமிருக்கிறதே என்று இன்னும் நான்கு கூடை போடுவதுதான் ஓவர்லோடின் தொடக்கம். மழை இதை மேலும் கெடுக்கும். பத்து விழுக்காடு ஈரமுள்ள பத்து டன் மண்ணில் உலர்ந்த மண் ஒன்பது டன். அதே மண் நனைந்து ஈரம் இருபது விழுக்காடானால் எடை 11.25 டன். ஒரு கைப்பிடி மண்கூடக் கூடுதலாக ஏற்றாமலே ஒன்றேகால் டன் ஏறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் திறந்த வெளியில் குவித்த மண்ணைக் கோடையின் கணக்கில் ஏற்றக் கூடாது. தார்ப்பாய் போடாமல் நனைந்தபடி வரும் லாரிக்கும் இது பொருந்தும்.

சுட்ட பாண்டத்தின் கதை வேறு. வைக்கோலோ அட்டைப்பெட்டியோ வைத்துக் கட்டிய கோப்பைகளில் பெரும்பகுதி வெற்றிடம். எடை வரம்பைத் தொடுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். அடுக்கு உயர உயர வண்டியின் எடைமையமும் உயர்ந்து, வளைவில் கவிழும் ஆபத்து கூடுகிறது. இன்சுலேட்டர் போன்ற திண்ணிய சாமான்களை அடியிலும் கோப்பைகளை மேலேயும் வைப்பது உடையாமல் இருக்க மட்டுமன்று, வண்டி சாயாமல் இருக்கவும்தான்.

பாரம் எந்த அச்சில் எவ்வளவு இறங்கும் என்பதை நெம்புகோல் கணக்கே தீர்மானிக்கிறது. முன்பின் அச்சுகளுக்கு இடையே நான்கு மீட்டர் உள்ள லாரியில் எட்டு டன் பாரத்தின் மையத்தை ஒரு மீட்டர் பின்னே தள்ளினால், முன் அச்சிலிருந்து இரண்டு டன் பின் அச்சுக்கு மாறிவிடும். மொத்த எடை ஒரு கிலோகூட மாறவில்லை. ஆயினும் பின் டயர்கள் திணறும், முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும்.

ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்து லாரியை உயர்த்திக்கொண்டால் அதிகம் ஏற்றலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. வண்டி குனிவதுதான் குறைகிறது. அச்சு, டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழைய வலுவிலேயே இருக்கின்றன. அளவு மீறிப் பாரம் தாங்கும் டயர் ஓடும்போது சூடேறி வெடிக்கிறது. நிறுத்த வேண்டிய ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதால் பிரேக்கும் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது.

சாலைக்கு நேரும் சேதம் இன்னும் வேகமாக வளர்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து, சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்ற தோராய விதி பிறந்தது. அச்சு எடை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. இந்தியாவில் 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்த்தப்பட்டன. மேற்சொன்ன விதிப்படி பார்த்தால், அந்த ஒற்றை அச்சு ஒருமுறை கடந்தால் சாலை தேயும் அளவு பழைய வரம்பில் இருந்ததைப்போல் சுமார் 1.6 மடங்கு. சட்டம் அனுமதித்த எடையே இவ்வளவு தேய்க்கும்போது, அதற்கு மேலும் ஏற்றுவது ஊராரின் சாலையை அழிப்பதாகும்.

எடை பார்ப்பது எளிது. வெற்று லாரியை டீசல் நிரப்பி, தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி, ஆட்களுடன் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்க வேண்டும். அதை அனுமதித்த மொத்த எடையிலிருந்து கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் தெரியும். பாரத்துடன் திரும்பி வரும்போது முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஓர் எடையும், பிறகு முழு வண்டிக்கு ஓர் எடையும் எடுத்தால், இரண்டின் வித்தியாசம் பின் அச்சுகளின் பாரம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 113 வரம்பு மீறி ஓட்டுவதைத் தடுக்கிறது. பிரிவு 114 வண்டியை எடைமேடைக்குத் திருப்ப அதிகாரிக்கு உரிமை தருகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பிரிவு 194 விதிக்கும் அபராதம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். ஓட்டியவர் மட்டுமன்றி ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் இதில் அடங்குவர். அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போகவும் முடியாது. மிகைப் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உறுதிப்படுத்தியது. இறக்கும் செலவும் சேதமும் வண்டிக்காரர் பொறுப்பு. களிமண்ணைச் சாலையோரம் கொட்டினாலும் பின்னர் அள்ளிக்கொள்ளலாம். கட்டுப் பிரித்த கோப்பைகளை வழியில் இறக்கி மறுபடி கட்டி ஏற்றும்போது உடைசல் தவிர்க்க முடியாதது.