இறக்குமதி மின்னணுப் பொருள்களுக்கு பிஐஎஸ் பதிவு: சான்று யாருக்குச் சொந்தம்?

கைப்பேசி சார்ஜர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு முத்திரையும், அதன் கீழ் 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் காணப்படும். வாங்குவோர் பலரும் கண்டுகொள்ளாத இந்த எண்தான், வெளிநாட்டில் தயாரான அந்தப் பொருள் இந்தியத் துறைமுகத்தைக் கடப்பதற்கான அனுமதி. பொருள் எவ்வளவு தரமானதாக இருப்பினும், எண் இல்லையெனில் சுங்கத் துறை அதை விடுவிக்காது.

மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012 அக்டோபரில் வெளியிடப்பட்டு, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. மடிக்கணினி, பெரிய திரைத் தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு, அச்சு இயந்திரம் என 15 வகைப் பொருள்களே முதல் பட்டியலில் இருந்தன. 2014-இல் கைப்பேசி, பவர் பேங்க், எல்இடி விளக்கு உள்ளிட்டவை சேர்க்கப்பட்டன. பின்னர் கட்டம் கட்டமாக நீண்ட பட்டியலில் இப்போது 60-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பழைய ஆணைக்குப் பதிலாக 2021-இல் புதிய ஆணை வந்தது. எந்தப் பொருளுக்குப் பதிவு தேவை என்பதை மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவிக்கிறது. பதிவை வழங்குவது இந்திய தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்.

எண் தொழிற்சாலைக்கே உரியது

இறக்குமதியில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. பதிவு எண் இறக்குமதியாளருக்கு வழங்கப்படுவதில்லை. வணிகப் பெயருக்கு மட்டுமாகவும் வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட முகவரியில் இயங்கும் தொழிற்சாலை, அங்கு தயாராகும் குறிப்பிட்ட பொருள், அதன் மீது அச்சிடப்படும் வணிகப் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு பதிவு. மூன்றில் ஒன்று மாறினாலும் அந்த எண் செல்லாது.

தில்லியைச் சேர்ந்த வணிகர் ஒருவர், சீனாவின் ஷென்ஜென் நகரத் தொழிற்சாலையிடம் தமது சொந்த வணிகப் பெயரில் பவர் பேங்க் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'எங்களிடம் பிஐஎஸ் எண் இருக்கிறது' என்று தொழிற்சாலை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண் வேறொரு வணிகப் பெயருக்குப் பெறப்பட்டதாக இருந்தால் இவருக்குப் பயன்படாது. அதே நிறுவனம் பக்கத்து நகரிலுள்ள தனது மற்றோர் ஆலையில் சரக்கைத் தயாரித்து அனுப்பினாலும் இதே கதிதான். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே பதிவில் உள்ள ஆலை முகவரி, வணிகப் பெயர், மாதிரி எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். சரக்கு துறைமுகத்தை அடைந்த பிறகு விண்ணப்பிப்பதால் பயனில்லை. பதிவு கைக்கு வரும் வரை கொள்கலன் வாடகையும் கிடங்குக் கட்டணமும் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். சிறு வணிகரின் லாபம் மட்டுமல்ல, முதலும் அதில் கரையும்.

ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ குறியீட்டைக் காட்டி, இதுவே போதும் என்று விற்பனையாளர்கள் கூறுவதுண்டு. அது போதாது. பன்னாட்டு அளவில் ஏற்கப்படும் சிபி சோதனை அறிக்கையும் இந்தியப் பதிவுக்கு மாற்றாகாது. இந்தியத் தரநிலைகள் பல, பன்னாட்டுத் தரநிலைகளை அடியொற்றியவைதான். தகவல் தொழில்நுட்பச் சாதனங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் ஐஎஸ் 13252, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60950 தரநிலையைத் தழுவியது. ஆயினும் சோதனை, இந்தியாவில் பிஐஎஸ் அங்கீகரித்த ஆய்வகத்தில் நடந்தாக வேண்டும். ஒரே சோதனையை இருமுறை செய்ய வைப்பதாகத் தொழில் துறையினர் கூறும் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விதி இதுவே.

விண்ணப்ப நடைமுறை

உற்பத்தியாளர் பிஐஎஸ் இணையவாசலில் கணக்குத் தொடங்கி, சோதனைக் கோரிக்கையை உருவாக்கி, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பாதுகாப்புச் சோதனைகளில் பொருள் தேறினால் அறிக்கை கிடைக்கும். அறிக்கை வெளியான 90 நாள்களுக்குள் விண்ணப்பம் சேர வேண்டும். தாமதித்தால் சோதனைச் செலவு வீண். இந்தியாவில் அலுவலகம் இல்லாத வெளிநாட்டு உற்பத்தியாளர், இங்கு வசிக்கும் ஒருவரை அங்கீகரிக்கப்பட்ட இந்தியப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். இது வெறும் கையெழுத்துக்கான பொறுப்பு அன்று. சட்ட மீறல் நேர்ந்தால் பிஐஎஸ் முதலில் அழைப்பது அவரைத்தான். இறக்குமதியாளர்களே இப்பொறுப்பை ஏற்பது வழக்கம். ஏற்குமுன் அதன் கனத்தை உணர்வது நல்லது.

பதிவு முதலில் 2 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பதிவு வழங்கும் முன் தொழிற்சாலையை அதிகாரிகள் நேரில் பார்வையிடுவதில்லை. உற்பத்தியாளரின் உறுதிமொழியும் சோதனை அறிக்கையும்தான் அடிப்படை. அதற்கு ஈடாக, விற்பனைக்கு வந்த பின் சந்தையிலிருந்து மாதிரி எடுத்து பிஐஎஸ் சோதிக்கும். அந்தச் செலவும் பதிவு பெற்றவரையே சாரும்.

உதிரிப் பாகங்கள் விஷயத்தில் நடைமுறை மேலும் நீள்கிறது. கைப்பேசிக்குப் பதிவு வேண்டுமெனில் அதன் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனிப் பதிவு இருக்க வேண்டும். பேட்டரிக்குள் உள்ள லித்தியம் மின்கலத்துக்கும் தேவை. மின்கலம் தேறிய பிறகு பேட்டரி, பேட்டரி தேறிய பிறகு கைப்பேசி என்று வரிசையாகச் சோதித்ததால் பல வாரங்கள் கழிந்தன. இதைச் சுருக்கவே, உதிரிப் பாகங்களையும் முழுப் பொருளையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் நடைமுறையை பிஐஎஸ் 2023-இல் கைப்பேசிகள் முதலான சில பொருள்களுக்குச் சோதனை அடிப்படையில் அனுமதித்தது.

மின்சாரப் பொருள்கள் சிலவற்றுக்கு வழியே வேறு. வயர், சுவிட்ச், இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் போன்றவை ஐஎஸ்ஐ முத்திரையின் கீழ் வருபவை. இவற்றை இந்தியாவுக்கு அனுப்பும் வெளிநாட்டு ஆலை தனி உரிமம் பெற வேண்டும். இங்கே பிஐஎஸ் அதிகாரிகள் அந்த ஆலைக்கே சென்று ஆய்வு செய்வர்; பயணச் செலவு விண்ணப்பதாரருடையது; வங்கி உத்தரவாதமும் அளிக்க வேண்டும்.

பிஐஎஸ் எண் கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. வைஃபை, புளூடூத் உள்ள சாதனத்துக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு அனுமதி வேண்டும். ஏசி, குளிர்சாதனப் பெட்டிகளுக்கு எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியீடு உண்டு. மின்னணுக் கழிவு விதிகள் 2022-இன் கீழ், இறக்குமதியாளரும் உற்பத்தியாளராகவே கருதப்பட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். சில்லறை விற்பனைப் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விற்பனை விலை இடம்பெற வேண்டும். சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல், மின் பாதுகாப்புடன் தரவுப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயமாகியுள்ளது.

மீறினால்

பதிவோ, அமைச்சகத்தின் விலக்குக் கடிதமோ இல்லாமல் பட்டியலில் உள்ள பொருள்களை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் 2019 மே மாதம் தடை விதித்தது. புதியவை, பழையவை, புதுப்பிக்கப்பட்டவை அனைத்துக்கும் இது பொருந்தும். ஆராய்ச்சி, செயல்விளக்கம் போன்ற தேவைகளுக்காக விலக்குக் கோரலாம். ஆனால் சரக்கு புறப்படுவதற்கு முன்பே கடிதம் கையில் இருப்பது நல்லது. பதிவற்ற சரக்கை அனுப்பிய நாட்டுக்கே திருப்ப வேண்டும். தவறினால் பயன்படுத்த இயலாதவாறு சிதைத்துப் பழைய இரும்பாக அகற்றிவிடுவர்.

கட்டாய முத்திரை இல்லாத பொருளை இறக்குமதி செய்வதற்கும் விற்பதற்கும் பிஐஎஸ் சட்டம் 2016-இன் 29-ஆவது பிரிவு, 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது முதல் முறை 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், மறுமுறை 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று வகுத்தது. அபராதத்தைப் பொருள் மதிப்பின் 10 மடங்கு வரை உயர்த்தவும் அதில் இடமுண்டு. விற்பவரும் தப்ப முடியாது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள இணையவழி வணிக நிறுவனக் கிடங்குகளில் பிஐஎஸ் அதிகாரிகள் சோதனை நடத்தி, முத்திரையற்ற மின்விசிறிகள், பொம்மைகள் உள்ளிட்டவற்றைப் பறிமுதல் செய்தனர்.

போலி எண்ணை அச்சிட்டு விற்போரும் உள்ளனர். 'பிஐஎஸ் கேர்' செயலியில் 'ஆர்' எண்ணை உள்ளிட்டால் உற்பத்தியாளர், வணிகப் பெயர், பொருள், பதிவின் நிலை ஆகிய விவரங்கள் தெரியும். கையில் இருப்பது சார்ஜர், திரையில் காண்பது எல்இடி விளக்கு என்றால் அந்த எண் திருடப்பட்டது. அதே செயலியிலேயே புகாரும் அளிக்கலாம்.