பதினான்கு குழிகளும் பொறிமனிதனும்

மேனாடுகளிலே கடந்த முப்பது ஆண்டுகளாகப் பலகையாட்டங்கள் புதுவாழ்வு பெற்று வளர்ந்துவருகின்றன. 1995 ஆம் ஆண்டில் யேர்மனி நாட்டிலே வெளிவந்த 'கட்டான்' என்னும் ஆட்டம் இவ்வளர்ச்சிக்கு வாயிலாயிற்று என்பர். அதன்பின் தோன்றியவற்றுள் ஒருவகையை 'இயந்திரம் கட்டும் ஆட்டம்' என வழங்குவர். அவுஸ்திரேலியரான பில் வோக்கர் ஹார்டிங் இயற்றி 2018 இல் வெளிவந்த 'கிஸ்மோஸ்' இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதில் ஆடுவோர் ஒவ்வொருவரும் புதுப்பொறி காணும் விஞ்ஞானியராவர். நால்வகை நிறங்கொண்ட கோலிக்குண்டுகளே அவர்தம் ஆற்றல். குண்டுகளைச் செலவிட்டுப் பொறிகள் வரைந்த சீட்டுக்களைப் பெறுவர். பெற்ற பொறி வாளாவிருப்பதில்லை. குறித்த நிறக் குண்டொன்றை எடுக்குந்தோறும் வேறொரு குண்டைத் தானே கொணரும். ஒரு பொறி மற்றொன்றைத் தூண்ட, ஒரு செயலுக்கு ஒரு பயன் என்றிருந்த நிலை மாறி ஒரு செயலுக்கு நான்கைந்து பயன் விளையும். ஒருவர் பதினாறு பொறிகளையோ, மூன்றாந்தரப் பொறிகளுள் நான்கையோ முடித்தவுடன் ஆட்டம் நிறைவை நோக்கும். இதற்கு முன்னரே, 1994 இல், ரிச்சர்ட் கார்பீல்ட் என்னும் கணிதக் கலாநிதி இயற்றிய 'றோபோ றலி' வெளிவந்தது. அதிலே ஒவ்வொருவரும் தம் பொறிமனிதனுக்குரிய கட்டளைச் சீட்டுக்களை முன்கூட்டியே அடுக்கிவைத்தல் வேண்டும். அடுக்கியபின் மாற்றல் இயலாது. பொறிமனிதன் குழியில் விழுவதாயினும் கட்டளைப்படியே நடந்துசென்று விழுவான்.

இத்தகைய செய்திகளைக் கேட்குந்தோறும் எம்மவரிற் பலர், 'இஃதென்ன புதுமை? பொறிமனிதரைச் சிலப்பதிகாரமே பேசிற்றன்றோ' என்பர். இக்கூற்றைச் சற்று ஆராய்ந்து நோக்குதல் நன்று. பொறிமனிதனுக்கு ஒரு முன்னோன் எம்மிடத்து உளன் என்பதே எமது கருத்துமாம். ஆயின், அவனை மதுரைக் கோட்டையின் மதில்மேல் தேடுவார் காணமாட்டார். எம் பாட்டியர் திண்ணையிலே கிடந்த பல்லாங்குழிப் பலகையிற் காணலாம்.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலே மதுரை மாநகரின் மதிற்பொறிகள் நிரல்பட உரைக்கப்படுகின்றன. தானே வளைந்து அம்பெய்யும் வில், கல் வீசும் கவண், குரங்கின் வடிவினதாய் அணுகுவோரைக் கடிக்கும் பொறி, சிச்சிலிப் பறவைபோன்று கண்ணைக் கொத்தும் பொறி என அவை விரியும். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் தன் தேவியைக் காத்தற்பொருட்டு அமைப்பித்த மயிற்பொறி, வலமாகத் திரித்தால் மேலெழும்; இடமாகத் திரித்தால் கீழிறங்கும். இவை புலவர்தம் கற்பனை வளத்துக்குச் சான்றாதல் ஒருதலை. ஆனால் உள்ளிருந்து இவற்றை இயக்கியது யாது என்னும் வினாவிற்கு அந்நூல்களில் விடையில்லை. போசராசன் இயற்றியதாக வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் என்னும் வடநூல் பொறிகளுக்கென ஓர் அதிகாரமே வகுத்தது. அதுவும் செய்முறையை மறைத்துவைத்தலே தக்கதென்று சொல்லி விடுகின்றது. மேற்காசியாவிலே அல் ஜஸரி என்பார் 1206 இல் முடித்த பொறிநூலோ, ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து, உறுப்புக்கள் பொருந்துமாற்றையும் கூறுவது. அறிவு வளர்ந்தது எவ்வழியிலென்பதை விளக்க வேண்டுவதில்லை.

கொங்குவேளிர் பெருங்கதையாகத் தமிழில் யாத்த உதயணன் கதை ஈண்டு தனித்து நோக்கற்பாலது. யாழிசையால் யானையை வசப்படுத்தும் உதயணனைச் சிறைப்பிடிக்க விரும்பிய உஞ்சை மன்னன் பிரச்சோதனன், யானை வடிவில் ஒரு பொறி செய்வித்துக் காட்டில் விடுத்தான். அதன் வயிற்றினுள்ளே வீரர் ஒளிந்திருந்தனர். பொறி என்னுஞ் சொல்லுக்கு இயந்திரம் என்பதும் பொருள். விலங்கு பிடிக்கும் கண்ணி என்பதும் பொருள். அவ்யானை இருபொருளாலும் பொறியே.

இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் வியன்னா நகரத்துச் செய்தியொன்று எமக்கு நினைவுக்கு வரும். வொல்ப்காங் வொன் கெம்பெலன் என்பார் 1770 இல் சதுரங்கமாடும் பொறிமனிதன் ஒன்றை அரசி மரியா தெரேசாவின் அவையிலே காட்டினார். துருக்கியர் உடையணிந்த அப்பாவை ஐரோப்பாவெங்கும் அறிஞரைத் தோற்கடித்தது. 1854 இல் பிலடெல்பியா நகரில் அது தீக்கிரையாயிற்று. உண்மையில் அதன் பெட்டியுள்ளே ஒரு மனிதன் மடங்கி அமர்ந்திருந்தான். பிரச்சோதனன் யானையும் கெம்பெலன் பாவையும் ஓரினம்; வெளியே பொறி, உள்ளே ஆள்.

ஆளின்றி ஆடிய முதற்பொறி 1912 இலேதான் தோன்றியது. இஸ்பானியரான தொரெஸ் கெவேதோ அமைத்த அது, ஓர் அரசனும் ஒரு கோட்டையுங் கொண்டு எதிரியின் தனியரசனை முற்றுகையிட்டு வெல்லும். சதுரங்கத்தின் முடிவுப்பகுதியிற் சிறு கூறு மாத்திரமே அதற்குத் தெரியும். மனித முகமோ தலைப்பாகையோ அதற்கில்லை. ஆயினும் அறிவுடையார் வணங்கவேண்டிய பாவை அதுவே. அடுத்த சில ஆண்டுகளில், 1920 இல், செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் தம் நாடகமொன்றில் 'றோபோ' என்னுஞ் சொல்லை உலகுக்கு அளித்தார். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லினின்று பிறந்தது அது. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்தார் செய்த 'ஊழியம்' போன்றதெனக் கொள்ளலாம். சாப்பெக்கின் றோபோக்கள் இரும்பாலானவை அல்ல, செயற்கைத் தசையாலானவை என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஆகவே வடிவமும் உலோகமும் பொறிமனிதனுக்கு இலக்கணமாகா. முன்வகுத்த விதியை, இடையில் எவர் மனமும் புகாமல், படிப்படியாக நிறைவேற்றுதலே அதன் இலக்கணம்.

இவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு பல்லாங்குழிக்கு வருவாம்.

ஆபிரிக்கா தொடங்கி மலாய் நாடு, பிலிப்பைன் தீவுகள்வரை பரந்த ஆட்டக்குடும்பம் ஒன்றின் உறுப்பு இது. சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் 'ஒலிந்த கெளிய' இதன் உடன்பிறப்பு. அதற்கும் பதினான்கு குழிகளே. ஒலிந்த என்பது எம் குன்றிமணி. நீர்ப்பாசனப் பொறியியலாளராய் இந்நாட்டிற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய தம் நூலிலே இவ்வாட்டங்களுக்கென ஓரதிகாரம் ஒதுக்கினார். குளக்கட்டையும் மதகையும் அளந்த கண்ணே விதைக்குழிகளையும் எண்ணிற்று என்பது வன்னியிலிருந்து எழுதுவோர்க்கு உவகை தருவது. ஒரு குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்கு நீர் இறங்கும் நாட்டிலே, குழிக்குக் குழி விதையிறக்கும் ஆட்டம் வேற்றாட்டமாகத் தோன்றாது.

ஆடுமுறையைச் சுருங்கக் கூறுவாம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டையோ சோகியோ இட்டால் மொத்தம் 70. ஆடுபவர் தம் பக்கத்துக் குழியொன்றை அள்ளி வலப்புறமாகக் குழிக்கொன்றாய் இட்டுச் செல்வர். கைவிதை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வர். அடுத்த குழி வெறுமையாயின் அதற்கப்பாலுள்ள குழியின் விதைகளைத் தமதாக்குவர். அவ்வளவில் அவர் முறை முடியும். இரண்டு குழிகள் தொடர்ந்து வெறுமையாயின் ஒன்றுமில்லை. வெறுங்குழியொன்றிலே விதைகள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து நான்கானால் அதற்குப் 'பசு' என்று பெயர். இட்டவர் யாவராயினும் அப்பசு குழிக்குரியவருக்கே சேரும்.

இங்கே ஆட்டக்காரர் மனம் புகுவது ஓரிடத்தில் மாத்திரமே. எக்குழியை அள்ளுவது என்னுந் தெரிவில். அதன்பின் கை வெறுங்கருவி. இடக்கோடியிலுள்ள தம் முதற்குழியில் ஒருவர் தொடங்குகின்றார் என்க. இரண்டு முதல் ஆறுவரையுள்ள குழிகள் ஆறாறு விதை பெறும். ஏழாங்குழியை அள்ளி எட்டு முதல் பன்னிரண்டுவரை இடுவர். பதின்மூன்றை அள்ளி நான்குவரை வருவர். ஐந்திலுள்ள ஆறும் பதினொன்றுவரை செல்லும். பன்னிரண்டிலுள்ள ஆறும் நான்குடன் தீரும். அடுத்த ஐந்தாங்குழி வெறுமை. ஆகவே ஆறாங்குழியிலுள்ள ஏழு விதையும் அவர்க்கு ஊதியம். ஐந்துமுறை அள்ளி, 27 முறை விதையிட்டு, ஒருமுறை மாத்திரம் சிந்தித்திருக்கின்றார்! கட்டளைச் சீட்டை அடுக்கிவிட்டுக் கைகட்டி நிற்கும் 'றோபோ றலி' ஆட்டக்காரர் நிலையும் இதுவே.

வேறு குழியில் தொடங்கினால் மிகுதி கிடைக்குமோ எனின், கிடையாது. பதினான்கு குழிகளும் தொடக்கத்தில் ஒத்தனவாதலின் எக்குழியில் தொடங்கினும் ஏழே வரும். அங்ஙனமாயின் தெரிவு எதற்கு? இவ்விடத்தேதான் ஆட்டத்தின் நுட்பம் உள்ளது. முதன்முறை முடிவில் மூன்று குழிகள் வெறுமையாகவும், மூன்று குழிகள் ஒன்றிரண்டு விதையுடனும் நிற்கும். இவ்வாறுமே நாளை பசு ஆகத்தக்க கன்றுகள். முதற்குழியில் தொடங்கியவருக்கு இவற்றுள் நான்கு தம் பக்கத்தே அமையும். இரண்டு முதல் ஏழுவரை எக்குழியில் தொடங்கினாலும் மூன்றே அமையும். ஐயமுடையார் காகிதத்திற் பதினான்கு வட்டமிட்டுப் பார்த்துக்கொள்க. கைக்கு வரும் ஊதியம் யாவர்க்கும் ஒன்று. எதிரி ஆடும்போதும் தமக்கு ஈனுகின்ற தொழுவம் யாருடையது என்பதே வேறுபாடு. 'இயந்திரம் கட்டுதல்' என மேனாட்டார் இன்று பெயரிட்டழைக்கும் கருத்து இதனின் வேறன்று. பசு எனப் பெயரிட்டவர் எவராயினும் பால்வளம் அறிந்தவரே.

வேறுபாடுகளையும் மறைத்தலாகாது. 'கிஸ்மோஸ்' ஆட்டத்திற் குண்டுகள் பொதுக் களஞ்சியத்தினின்றும் வருவன. ஒருவர் கட்டிய பொறியை மற்றவர் அழிப்பதில்லை. தோற்றவரும் தம் பொறிகளை முன்னே பரப்பிவைத்து மகிழலாம். பல்லாங்குழியிலோ விதைகள் எழுபதுக்கு மேற்படா. ஒருவர் பெருகினால் மற்றவர் குறுகுவர். அடுத்த ஆட்டத்திலே, தோற்றவர் தம்மிடமுள்ள விதைகொண்டு நிரப்பக்கூடிய குழிகளை மாத்திரம் நிரப்புவர். எஞ்சியவை தரிசாகக் கிடக்கும். விதைநெல் இல்லாதவன் வயலைப் போன்றது அது. ஆயினும் எஞ்சிய இரண்டு மூன்று குழிகளைக்கொண்டே மீண்டெழுந்து, இழந்த குழிகளை மீட்டவர் உண்டு. எமக்கு இக்கடுமையே பிடித்திருக்கின்றது. மாணவர் பலர் மற்றதையே விரும்புவர்.

விதியே ஆட்டத்தை நடத்துவதால், இக்குடும்பத்து ஆட்டங்கள் கணினிக்கு எளிதில் வயமாயின. மேற்காபிரிக்காவில் ஆடப்படும் 'அவாரி', 12 குழிகளும் 48 விதைகளும் கொண்டது. 2002 இல் அம்ஸ்ரடாம் நகரத்துப் பல்கலைக்கழகமொன்றைச் சேர்ந்த ஜோன் றொமெய்ன், ஹென்றி பால் என்னும் இருவர் அதன் நிலைகள் அனைத்தையும், 88,900 கோடிக்கு மேற்பட்டவற்றை, கணினிகொண்டு கணித்து முடித்தனர். இருபாலாரும் பிழையின்றி ஆடின் வெற்றி தோல்வியின்றி முடியும் என்பது அவர் கண்ட முடிபு. திண்ணையாட்டம் எனப் பலரும் எள்ளியது பேராய்வுக்குரிய பொருளாயிற்று.

பல்லாங்குழியை அவ்வாறு கணித்தற்கு முதற்கண் வேண்டுவது கணினியன்று, விதி. எம் நாட்டிலே அவ்விதிகள் முதியோர் நினைவில் வாழ்கின்றன. 2008, 2009 ஆம் ஆண்டுகளிலே வன்னி மக்கள் ஊரூராகப் பெயர்ந்தபோது எவரும் பல்லாங்குழிப் பலகையைத் தலையிற் சுமந்திருக்கமாட்டார். செட்டிகுளத்தை அடுத்த முகாம்கள் 2012 இல் மூடப்பட்டு மீண்டவர்க்கு வீடே முதற்கவலை. பலகையின் இழப்பு பெரிதன்று. மண்ணிற் பதினான்கு குழி தோண்டினால் ஆட்டம் உண்டு. அவ்விதிகளைச் சொல்லவல்ல மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்துவருவதே ஈடுசெய்ய முடியாதது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இயங்குகின்றது; வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வேற்று நாட்டிலிருந்து வரும் உறுப்புக்களைப் பொருத்தி எம் மாணவர் சிறு றோபோக்களை நடக்கச் செய்கின்றனர். அதனை யாம் குறைகூறோம். அம்மாணவரே ஒரு விடுமுறைக் காலத்தில் ஊருக்கு ஒரு குறிப்பேடு திறந்து, தம் பாட்டியர் ஆடிய விதியை எழுதிக்கொள்வாராயின், பிற நாட்டார் செய்து தரவியலாத ஆய்வொன்று அவர் கையில் இருக்கும்.

எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு. பசுவை நான்கிலன்றி ஆறிற் கொள்ளும் வழக்கும் உண்டு. குழிக்கு ஐந்து வைத்து ஆறிற் பசு கொள்வதாயின், முதற்குழியில் தொடங்குபவர் இடும் முதலைந்து விதையும் ஐந்து பசுவாகி, எதிரி கைதூக்குமுன்னரே 30 விதை அவரைச் சேர்ந்துவிடும், ஆட்டம் ஆட்டமாயிராது. ஆகவே ஆறிற் பசு கொண்ட வீட்டார் ஐந்து வைத்துத் தொடங்கியிருத்தல் அரிது. 'குழிக்கு எத்தனை வைத்தீர்கள், ஆச்சி?' என்பதே முதலிற் கேட்கவேண்டிய வினா.