கோனான்குப்பம்: ஒரு சிற்றூரின் வரலாறு

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலை நினைப்போர் உண்டு. இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு நிலையத்தை நினைப்போர் உண்டு. செராமிக் தொழிற்பேட்டையின் சூளைகளிலிருந்து வெளிவரும் பொம்மைகளையும் அகல்விளக்குகளையும் நினைப்போரும் உண்டு. அந்நகருக்கு எழுதப்பட்ட வரலாறு இருக்கிறது. திருமுதுகுன்றம் என்னும் பெயரால் தேவாரத்தில் இடம்பெற்ற ஊர் அது. செம்பியன் மாதேவியார் அங்கே கற்றளி எழுப்பினார். சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை, ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று நம் வீட்டுப் பேச்சு வரை வந்துவிட்டது. ஆனால், அந்நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு? கல்வெட்டு இல்லை; செப்பேடு இல்லை; இருந்த ஓலைகளும் பெரும்பாலும் செல்லுக்கு இரையாயின.

ஐரோப்பாவின் சிற்றூர்களுக்கு இவ்வகையில் ஒரு நற்பேறு வாய்த்தது. திரிதெந்தின் திருச்சங்கம் 1563-இல் திருமணப் பதிவேடு வைக்குமாறு பங்குக் குருக்களைப் பணித்தது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கும் பங்கு மக்கள் கணக்குக்குமாக ஐந்து ஏடுகளை வகுத்துத் தந்தது. செருமானிய நாட்டில் சில நூறு வீடுகளே உள்ள ஊரிலும் இன்று ஒருவர் அமர்ந்து தம் ஊர் வரலாற்றை எழுத முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை பெரும்பாலும் அந்தப் பங்கு ஏடுகளே. முப்பதாண்டுப் போரில் (1618–1648) பல ஏடுகள் எரிந்துபோயின. அப்படி எரிந்த இடங்களில் ஊர் வரலாறு போருக்குப் பின்னரே தொடங்குகிறது.

நம் சிற்றூர்களுக்கு ஏடு பின்னால் வந்தது. வாய்மொழி முன்னால் வந்தது. வாய்மொழியை எப்படிப் படிப்பது என்பதற்கு நம் மறைமாவட்டத்துக் கோனான்குப்பத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே, மங்கலம்பேட்டையை அடுத்து இருப்பது இவ்வூர். கோனான்குப்பம் என்றும், கோணான்குப்பம் என்றும், கோணாங்குப்பம் என்றும் எழுதுகிறார்கள். கோன் என்னும் சொல் அரசனையும் குறிக்கும், ஆயனையும் குறிக்கும். குப்பம் என்பதோ சிறு குடியிருப்பு. அரண்மனைக்குரிய பெயர் அன்று இது. ஆடுமாடு மேய்ப்போர் குடிசையிட்ட இடத்துக்குரிய பெயர் என்றே நாம் கொள்கிறோம். ஊரின் தொடக்கக் கதையில் மாடு மேய்க்கும் சிறுவர்கள் வருவதும் இதனோடு பொருந்துகிறது.

அருகிலுள்ள முகாசா பரூரின் பெயரிலும் வரலாறு படிந்திருக்கிறது. மொகாசா என்பது பழைய வருவாய்த் துறைச் சொல். செய்த பணிக்கு ஈடாக, வரியின்றியோ குறைந்த வரிக்கோ ஒருவருக்கு விடப்பட்ட ஊர் மொகாசா எனப்பட்டது. அவ்வகையில் பரூரை ஆண்ட பாளையக்காரர்கள் கச்சிராயர் என்னும் பட்டம் பூண்டவர்கள். கோனான்குப்பத்தின் வரலாறு அவர்களின்றி இல்லை.

கதை இதுதான். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் இப்பக்கத்துக் காட்டு வழியே பயணம் செய்கிறார். மரியன்னையும் குழந்தை இயேசுவும் அமைந்த சுரூபம் ஒன்று அவரிடம் இருக்கிறது. இளைப்பாறிய இடத்தில் அது தவறிவிடுகிறது. புதரிடையே கிடந்த அதனை மாடு மேய்த்த சிறுவர்கள் கண்டெடுத்து, தங்களுக்குத் தெரிந்தவாறு பூவிட்டு விளையாடுகிறார்கள். பிள்ளைப்பேறின்றி வருந்திய கச்சிராயரின் கனவில் அன்னை தோன்றித் தனக்கு அங்கே ஓர் இல்லம் கேட்கிறார். அவர் தேடிச் சென்று, சுரூபத்தைக் கண்டு, சிறு கோயில் ஒன்று கட்டுகிறார். குழந்தை பிறக்கிறது. இழந்த சுரூபத்தைத் தேடித் திரும்பிவந்த முனிவர், காட்டிடையே தம் அன்னைக்குக் கோயில் எழும்பியிருக்கக் கண்டு வியக்கிறார். சொல்வோர் வாய்க்கேற்பச் சிற்சில பகுதிகள் மாறும், எலும்புக்கூடு மாறுவதில்லை.

இதனை வரலாறு என்று ஏற்கலாமா? கனவுக்குச் சான்று கேட்பது வரலாற்றாசிரியனின் வேலை அன்று. ஆனால் கதை, தன்னை அறியாமலே சில செய்திகளை ஒப்புக்கொள்கிறது. முதலில் கண்டெடுத்தவர்கள் எளிய மக்களின் பிள்ளைகள். முதலில் கட்டியவர் கிறிஸ்தவரல்லாத ஓர் ஆட்சியாளர். மறைப்பணியாளரோ மூன்றாவதாக வந்து சேர்கிறார். ஒரு துறவியின் புகழுக்காக மட்டும் புனையப்பட்ட கதையாயின், அவரல்லவா எல்லாவற்றையும் முதலில் செய்திருப்பார்? ஊரார் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்காமல் காத்த கதை இது. அதனாலேயே இதற்கு நாம் மதிப்பளிக்கிறோம்.

முனிவரைப் பற்றிய முதல் தமிழ் வாழ்க்கை வரலாறும் இப்படிப்பட்ட நினைவுகளுக்குப் பெரிதும் கடன்பட்டதே. சென்னையில் எல்லிஸ் துரையின் முயற்சியால், 1816-ஆம் ஆண்டளவில் புதுவை அ. முத்துசாமிப் பிள்ளை, முனிவரின் நூல்களைத் தேடித் தென்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார். ஊர் ஊராகச் சென்று ஓலைகளைத் திரட்டியவர், 1822-இல் அவர் வரலாற்றை எழுதினார். முனிவர் மறைந்தது 1747 பிப்ரவரி 4 எனில், இடையே 75 ஆண்டுகள். தாத்தா கண்டதைப் பேரன் சொல்லும் தொலைவுதான். எனினும் அதற்குள்ளாகவே அவர் வாழ்வில் பல செய்திகள் மங்கிவிட்டன. அவர் உயிர் நீத்தது அம்பலக்காட்டிலா மணப்பாட்டிலா என்று இன்றளவும் வாதிடுகிறோம். இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில், 1680 நவம்பர் 8-இல் பிறந்தார் என்று அவர் பிறப்பைத் தெளிவாகச் சொல்லும் நாம், இறந்த இடத்தைச் சொல்லத் தடுமாறுவதில் ஒரு பாடம் இருக்கிறது. (புனித ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்ததும் அதே ஊரில்தான்.)

முனிவர் இங்கே கோயிலைப் பெரிதாக்கினார். அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். இந்தப் பெயரைச் சற்று நின்று நோக்க வேண்டும். விருத்தாசலத்துக் கோயிலின் அம்மனுக்கு விருத்தாம்பிகை என்பது வடமொழிப் பெயர், தமிழில் பெரியநாயகி. சில கல் தொலைவிலுள்ள பெருங்கோயிலில் நாள்தோறும் ஒலித்த பெயர் அது. அதே வேளையில், மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த ஆவூரிலும் அன்னை பெரியநாயகியாகவே வணங்கப்பட்டார். அத்தளத்தின் வழக்கை முனிவர் அறிந்தவர். ஆகவே, அண்டை ஊர் அம்மனின் பெயரை எடுத்துக்கொண்டார் என்று ஒரு சாராரும், ஆவூரின் தொடர்ச்சியே என்று மற்றொரு சாராரும் சொல்வது ஒன்றையொன்று மறுப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கேட்ட மாத்திரத்தில் இவ்வட்டார மக்களின் நாவில் ஏறக்கூடிய பெயர் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஊருக்கும் அவர் ஒரு புலமைப் பெயர் சூட்டினார். ஏலாக்குறிச்சி திருக்காவலூர் ஆனது போல, கோனான்குப்பம் ஆரியனூர் ஆயிற்று. திருக்காவலூர் நிலைத்தது. ஆரியனூரோ புலவர் ஏட்டோடு நின்றுவிட்டது. மாடு மேய்த்தவர்களின் பெயரே வென்றது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அன்னையின் சுரூபம் பற்றிய மரபு இன்னும் சுவையானது. தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்த கோலத்தில் ஓவியம் ஒன்று தீட்டச் செய்து, மயிலை ஆயரின் துணையோடு அதனை மணிலாவுக்கு அனுப்பி, அவ்வாறே சுரூபம் செதுக்கி வரவழைத்தார் முனிவர் என்பது அது. விருத்தாசலத்துக் காட்டோரக் குப்பத்துக்கும் பிலிப்பைன்சுக்கும் என்ன தொடர்பு என்று புருவம் உயர்த்துவோர், அக்காலச் சென்னையை நினைக்க வேண்டும். சென்னைக்கும் மணிலாவுக்கும் இடையே அந்நாளில் துணி வாணிகம் செழித்திருந்தது. அதில் ஆர்மீனிய வணிகர்கள் முன்னின்றனர். அவர்களுள் ஒருவரான பெத்ரூஸ் உஸ்கான் மணிலாவோடு தொடர்புடையவர். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும், 1726-இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே. மணிலாவிலோ சீன மரபுச் சிற்பிகள் தந்தத்திலும் மரத்திலும் திருவுருவங்கள் செதுக்கிப் பெயர் பெற்றிருந்தனர். இத்தாலியர் ஒருவர் எண்ணி, தமிழ்ச் சேலையில் அமைந்து, மணிலாவில் உருப்பெற்று, மயிலை வழியாகக் கோனான்குப்பம் வந்த அன்னை என்பது கற்பனைக்கு எட்டாத பயணம் அன்று. அக்காலக் கப்பல்கள் போய்வந்த வழிதான் அது.

பாலம் எழுந்த அதே 1726-ஆம் ஆண்டைத்தான் தேம்பாவணி நிறைவுற்ற ஆண்டாகவும் சொல்வர். 36 படலங்களில் 3615 பாடல்களால் அமைந்த அக்காப்பியத்தின் தலைவர் புனித சூசையப்பர். கோனான்குப்பத்தின் தேர்விழா நாளான ஜனவரி 23, பழைய நாட்காட்டிகளில் மரியன்னைக்கும் சூசையப்பருக்கும் நடந்த திருமண ஒப்பந்தத்தின் நினைவு நாள். முனிவரே இந்நாளைத் தெரிந்தெடுத்தார் என்று துணிந்து கூற மாட்டோம். ஆனால் சூசையப்பரைப் பாடியவரின் கோயிலுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை.

முனிவருக்குப் பின் நெடுங்காலம் வறண்டது. கர்நாடகப் போர்கள் இந்நிலத்தை உழக்கின. 1759-இல் போர்த்துக்கல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. குருக்கள் அருகிய காலத்தில் இத்தகைய ஊர்களில் நம்பிக்கையைக் காத்தவர்கள் உபதேசியார்களும் வீட்டில் மந்திரம் சொல்லிக்கொடுத்த தாய்மார்களும்தாம். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. பின்னர் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் புதுவையிலிருந்து பணியாற்றினர். அவர்கள் காலத்தில்தான் இலத்தீனில் எழுதிய பங்கு ஏடுகள் நம் ஊர்களில் வேரூன்றின. 1876–78-இன் தாது வருடப் பஞ்சத்தில் தென்னார்க்காட்டில் திருமுழுக்குகளும் இறப்புகளும் ஒருங்கே பெருகின. அந்த ஏடுகளைப் புரட்டுவோர், பக்கங்களின் நெருக்கத்திலிருந்தே பசியை அளந்துவிடலாம். 1886-இல் புதுவை உயர்மறைமாவட்டமாயிற்று; 1953-இல் அதன் பெயரோடு கடலூரும் சேர்ந்தது. 1993-இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது கோனான்குப்பம் கடலூர் மாவட்டத்தில் அமைந்தது.

கற்றவர்கள் இவ்வூரை வீரமாமுனிவரின் ஊராக மட்டும் பார்க்கிறார்கள். இலக்கிய வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாக வரும் அளவுக்கு அது புகழ்தான். ஆனால் அவர் நம் நாட்டில் வாழ்ந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், இங்கே கழித்தது ஒரு பகுதியே. ஊர் அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. நிலம் கொடுத்த கையையும் பூவிட்ட கையையும் அடிக்குறிப்புகள் சொல்வதில்லை.

ஜனவரி வந்தால் திட்டக்குடியிலிருந்தும் உளுந்தூர்ப்பேட்டையிலிருந்தும் வண்டிகள் இவ்வூரை நோக்கித் திரும்புகின்றன. விருத்தாசலம் சந்திப்பில் இறங்கிவரும் குடும்பங்களில் பிள்ளைவரம் வேண்டுவோரும், பெற்ற பிள்ளையைத் தூக்கி வருவோரும் மிகுதி. சமயம் கேட்டு யாரையும் நிறுத்துவதில்லை. தேரில் அன்னை எழுந்தருளியதும், முகாசா பரூர் கச்சிராயர் மரபினர் வந்து வடம் தொடுகிறார்கள். அதன் பின்னரே ஊரார் இழுக்கிறார்கள்.